கரையில் மறந்தது கடலில் கிடைக்காது



மாலை வேளையில் தங்கா பத்துக் கடற்கரையில் நின்று மேற்குத் திசையை நோக்கினால் ஓர் அரிய காட்சியைக் காணலாம். தொடுவானத்தின் ஓரமாகக் கப்பல்கள் எறும்புச் சாரைபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றுகொண்டிருக்கும். அதுவே மலாக்கா நீரிணை. ஆண்டொன்றுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் கடந்து செல்லும் நீர்வழி அது. நம் முன்னோருள் பெரும்பாலோர் கடல் வழியாகவே இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தனர். ஆயினும், தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்குச் செம்பனையைத் தெரிந்த அளவுக்குக் கடலைத் தெரியாது என்பதே உண்மை.

பள்ளி விடுமுறையில் பெற்றோருடன் பெசார் தீவுக்குப் படகேறிச் செல்லும் மாணவர்கள் உங்களிடையே உண்டு. நாளை வளர்ந்தபின் பாய்ப்படகு செலுத்தவும் சிலர் விரும்பலாம். எனவே, கடற்பயணத்துக்கு எவ்வெப் பொருள்களை எடுத்துச் செல்ல வேண்டும், அவற்றை எவ்வாறு கட்டி ஏற்ற வேண்டும் என்பதனை இக்கட்டுரையில் விளக்க விழைகின்றேன்.

நான் கற்ற பாடம்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து பணியில் சேர்ந்த புதிதில், நண்பர்களும் அவர்தம் பிள்ளைகளுமாகப் பதினொருவர் ஒரு வாடகைப் படகில் கடலுலா சென்றோம். பொருள்களைச் சேகரிக்கும் பொறுப்பினை நானே ஏற்றுக்கொண்டேன். பயிற்சி பெற்ற ஆசிரியன் என்ற பெருமிதம் எனக்கு! நாசி லெமாக் பொட்டலங்கள், கறிபாப், முறுக்கு, வானொலிப் பெட்டி, கேரம் பலகை என ஐந்து பைகள் நிரம்பின. குடிநீர்ப் போத்தல்கள் மட்டும் மூன்றே மூன்று. படகில் இருந்த மிதவைச் சட்டைகளோ நான்கு. “அரை நாள் பயணந்தானே!” என்று எண்ணினேன்.

திரும்பும் வழியில் இயந்திரம் நின்றுவிட்டது. நண்பகல் வெயிலில் படகு அலைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நீர் தீர்ந்தது. பின்னர் மேற்கே கருமேகம் திரண்டு காற்று வீசத் தொடங்கியது. படகுக்குள் புகுந்த நீரைச் சோற்றுப் பாத்திரத்தால் இறைத்தோம். நான்கு சட்டைகளையும் சிறுவர்களுக்கு அணிவித்தோம். ஐந்தாவதாக ஒரு சிறுமி இருந்தாள். அவளை என் இடுப்புத் துண்டால் என்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். “சார், தண்ணீர் இருக்கிறதா?” என்று அவள் கேட்ட குரல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. நாங்கள் எங்குச் சென்றோம், எப்போது திரும்புவோம் என்பது கரையில் ஒருவருக்கும் தெரியாது. அவ்வழியே வந்த மலாய் மீனவர் ஒருவர் கயிறு வீசி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். உயிர்ச்சேதம் இல்லை. அஃது எங்கள் திறமையால் அன்று, அம்மீனவரின் கருணையால்.

அன்று மாலை, எங்கள் லயத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர் என் பைகளைப் பிரித்துப் பார்த்தார். அவர் சிறுவயதில் ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்நீராவிக் கப்பல், 1970-களின் தொடக்கம் வரை தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஆயிரமாயிரம் தமிழர்களைச் சுமந்து சென்றதாகும். முதியவர் கூறினார்: “வாத்தியாரே, தின்பதற்கு எல்லாம் இருக்கிறது, பிழைப்பதற்கு என்ன இருக்கிறது? என் தாயார் கப்பலேறும்போது தகரப்பெட்டியைப் பிறகுதான் கட்டினார். முதலில் கட்டியது தண்ணீர்ச் செம்பை.”

அச்சொற்கள் என்னைச் சுட்டன. அன்றிரவே அமர்ந்து, இல்லாமற் போன பொருள்களை எல்லாம் என் குறிப்பேட்டில் எழுதினேன். நீங்கள் இப்போது படிக்கும் இக்கட்டுரை அக்குறிப்பேட்டிலிருந்து பிறந்ததே.

கடல் மலர் மூழ்கிய கதை

குறைவாக எடுத்துச் சென்று அல்லற்பட்டது என் கதை. அளவுக்கு மீறி ஏற்றி அழிந்த கதையும் நம் மலாக்காவில் உண்டு. மலாக்கா ஆற்றங்கரையில் கடல்சார் அரும்பொருளகமாக நிற்கும் பெரிய மரக்கப்பலைச் சுற்றுலாவின்போது பார்த்திருப்பீர்கள். அது ‘ஃபுளோர் டி லா மார்’ என்னும் போர்ச்சுகீசியக் கப்பலின் மாதிரி வடிவம். ‘கடல் மலர்’ என்பது அப்பெயரின் பொருள்.

1511-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகர்க் என்னும் தளபதி, இங்குக் கொள்ளையிட்ட செல்வத்தை அக்கப்பலில் ஏற்றிப் புறப்பட்டார். கப்பலோ பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. அதன்மேல் பெருஞ்சுமை! அவ்வாண்டு நவம்பரில் சுமத்திராக் கரையோரம் புயலில் சிக்கி அது உடைந்து மூழ்கியது. அல்புகர்க் உயிர் தப்பினார். எதனால் தப்பினார்? ஏற்றி வந்த பொன்னால் அன்று. அவசரமாகக் கட்டிய மரத் தெப்பத்தால்!

மயிலிறகே ஆயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை எச்சரித்துள்ளார். வண்டிக்கு அச்சு எவ்வாறோ, படகுக்கு அதன் விளிம்பு அவ்வாறே. சுமை ஏற ஏற விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கும். பின்னர்ச் சிறிய அலையும் உள்ளே புகும். ஆகவே, எதை எடுப்பது என்று அறிவதுபோலவே எதை விடுப்பது என்று அறிவதும் இன்றியமையாதது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பொருள்களை மூன்று மூட்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது உயிர் மூட்டை. இரண்டாவது உடல் மூட்டை. மூன்றாவது வசதி மூட்டை. இவ்வரிசையிலேயே கட்ட வேண்டும். இடம் போதாவிடில் பின்னிருந்து குறைக்க வேண்டும்.

முதல் மூட்டை: உயிர் காப்பவை

ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை. ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லுக்கு இங்கு இடமில்லை. பதினொருவர் என்றால் பதினொரு சட்டைகள். காற்றடைத்த விளையாட்டு வளையம் இதற்கு ஈடாகாது. நல்ல மிதவைச் சட்டையின் கழுத்துப் பகுதி, நீரில் விழுந்தவரின் முகத்தை வானோக்கி நிற்கச் செய்யும். சிறுவர்க்குரிய சட்டையில் கால்களுக்கிடையே ஒரு வாரும் இருத்தல் வேண்டும். அளவு சரியா என்று பார்ப்பது எளிது: சட்டையை அணிந்து வாரை இறுக்கியபின், பெரியவர் ஒருவர் அதன் தோட்பகுதியைப் பிடித்து மேலே தூக்கட்டும். சட்டை செவிவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரியது, வேறு கேளுங்கள். சட்டை பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை. படகில் கால் வைக்கும் முன்பே அணிதல் வேண்டும்.

அடுத்து, பிறர் நம்மைக் காணவும் கேட்கவும் உதவும் பொருள்கள். ஊதல், கைவிளக்கு, அதற்கு மாற்று மின்கலங்கள், சிறிய கண்ணாடி ஆகியன வேண்டும். கண்ணாடியில் பட்ட வெயிலொளி பல கிலோமீட்டர் தொலைவுக்குத் தெரியும். தொலைவு செல்லும் படகுகளில் தீச்சுடர்க் குறியும் கடல் வானொலியும் வைத்திருப்பர். அவ்வானொலியின் 16-ஆம் அலைவரிசை ஆபத்துக் காலத்தில் உதவி கோருவதற்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. கைப்பேசியை நீர் புகாத உறையில் இட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் அவசர உதவிக்கு 999 என்ற எண்ணை அழைக்கலாம். எனினும் கரையை விட்டு அகன்றால் கைப்பேசி பேசாமற் போகலாம். ஊதலோ எங்கும் பேசும்.

மூன்றாவதாக, படகைக் காக்கும் பொருள்கள். நீர் இறைக்க வாளி, துடுப்பு, கத்தி, கயிறு, நங்கூரம் ஆகியவை அவை. நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்கேனும் நீண்டிருத்தல் வேண்டும். கயிறு குட்டையானால் நங்கூரம் செங்குத்தாக இழுபட்டு மண்ணைப் பற்றாது; நீண்டு சாய்ந்து கிடந்தால்தான் அதன் கொழு மண்ணில் ஊன்றும். பாய்ப்படகு எனில் ஊசி, தடித்த நூல், ஒட்டுத்துணி, உபரிக் கயிறு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கிழிந்த பாயைத் தைப்பதற்குக் கடல் நடுவே தையற்காரர் இல்லையன்றோ!

குடிநீரும் இம்மூட்டையையே சேரும். நம் நாட்டு வெப்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டராவது வேண்டும். பயணம் ஒரு நாள் என்றால் இரு நாள்களுக்குரிய நீரை எடுப்பதே அறிவுடைமை. பாய்ப்படகு காற்றை நம்பிச் செல்வது. காற்று நின்றால் படகும் நிற்கும், தாகம் நிற்குமா? ஒரே பெரிய கலனில் நிரப்பாமல் பல போத்தல்களில் நிரப்புதல் நன்று. ஒன்று உடைந்தாலும் மற்றவை உதவும்.

“சுற்றிலும் நீர் இருக்கிறதே, அதைக் குடித்தால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அவ்வளவு உப்பை வெளியேற்ற, நாம் குடித்த நீரினும் மிகுதியான நீரை நம் சிறுநீரகம் செலவிட வேண்டியுள்ளது. ஆகவே கடல்நீரைக் குடிக்குந்தோறும் உடலில் உள்ள நீர் குறையும், தாகம் மிகும், முடிவில் உயிருக்கே கேடு நேரும்.

இரண்டாம் மூட்டை: உடல் பேணுபவை

கடலில் வெயில் இருமுறை சுடும். வானிலிருந்து ஒரு முறை. நீரில் பட்டுத் தெறித்து மறுமுறை. ஆதலின் தாடையில் கட்டும் நாடாவுள்ள அகன்ற தொப்பி, நீண்ட கையுள்ள மெல்லிய சட்டை ஆகியன தேவை. தடித்த நீலக் காற்சட்டையை அணியாதீர்கள். அது நனைந்தால் கனக்கும், விரைவில் உலராது. மழைச்சட்டை ஒன்றும், உலர்ந்த மாற்றுடை ஒன்றும் போதும். நம் நாடு வெப்ப நாடாயினும், மழையில் நனைந்து காற்றில் அமர்ந்திருப்போர்க்குக் குளிர் நடுக்கம் வரும்.

உணவு உலர்ந்ததாகவும் எளிதிற் கெடாததாகவும் இருத்தல் வேண்டும். அவல், பொரி, ரொட்டி, வாழைப்பழம் போன்றவை ஏற்றவை. தேங்காய்ப்பால் சேர்ந்த உணவு வெயிலில் விரைவில் கெடும். நான் கொண்டு சென்ற நாசி லெமாக் நண்பகலிலேயே புளித்துவிட்டது! நீண்ட பயணங்களில் எலுமிச்சையும் ஆரஞ்சும் மருந்தாகவே விளங்கின. பண்டைய மாலுமிகள் பலர் பல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் மடிந்தனர். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், அப்பழங்களை உண்ட நோயாளிகள் விரைவில் தேறியதைச் சோதித்துக் கண்டார். அவற்றிலுள்ள வைட்டமின் ‘சி’யே காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

மருந்துப் பெட்டியில் கட்டுத்துணி, புண்மருந்து, நீரிழப்புக்கு உதவும் உப்புச் சர்க்கரைத் தூள் ஆகியன இருக்கட்டும். கடல் மயக்கத்துக்குரிய மாத்திரையைப் படகேறும் முன்னரே, மருத்துவர் கூறிய அளவில் உட்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்கினால் அது வயிற்றில் தங்காது. ஒவ்வொருவரும் வழக்கமாக உண்ணும் மருந்தையும் மறவாமல் கேட்டு எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாம் மூட்டை: வசதிக்கானவை

வானொலி, விளையாட்டுப் பொருள், தின்பண்டம், ஒளிப்படக் கருவி முதலியவை இதில் அடங்கும். இவற்றை எடுக்கவே கூடாது என்று நான் கூறவில்லை. முன்னிரண்டு மூட்டைகளும் ஏறியபின் இடமிருந்தால் எடுங்கள்.

ஏற்றும் முறை

பொருள்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. அவை இருக்கும் இடமும் முறையாக அமைதல் வேண்டும். கனமானவை அடியிலும் நடுவிலும் இருக்கட்டும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். முப்பது லிட்டர் நீரை ஒரே பக்கத்தில் வைத்தால், ஒரு சிறுவன் அப்பக்கமே எப்போதும் அமர்ந்திருப்பதற்கு ஒப்பாகும், படகு சாயும். அலையில் உருளாதவாறு அவற்றைக் கட்டிவைக்கவும் வேண்டும். உயிர் மூட்டையோ கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பையின் அடியில் கிடக்கும் கைவிளக்கும் கடையில் கிடக்கும் கைவிளக்கும் ஒன்றே! துணிகளையும் தீப்பெட்டியையும் நெகிழிப் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை இறுகக் கட்டுங்கள்.

இத்தனை செய்தபின்னும், பெரும்புயலில் பொருளைக் கடலில் எறிய நேரிடலாம். மலாக்கா சுல்தான்களின் காலத்தில் எழுந்த ‘உண்டாங்-உண்டாங் லாவுட் மெலாகா’ என்னும் கடற்சட்டம் இதற்கும் விதி வகுத்திருந்தது. நக்கோடா எனப்படும் கப்பல் தலைவருக்குக் கடலில் அரசருக்கு நிகரான அதிகாரம் உண்டு. ஆயினும் சரக்கை எறியும்போது, கப்பலில் பொருள் வைத்திருப்போரைக் கூட்டிக் கலந்து பேசி, அவரவர் பொருளின் அளவுக்கேற்ப எறிய வேண்டும் என்றது அச்சட்டம். வலியவன் பொருள் தங்க, எளியவன் பொருள் மட்டும் கடலுக்குப் போகலாகாது. எத்துணை நேரிய சிந்தனை!

எடையற்ற இரு பொருள்கள்

மூட்டையில் அடங்காத பொருள்கள் இரண்டு உண்டு. ஒன்று, வானிலை அறிவு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்திரா’ என்று அழைக்கப்படும் திடீர்ப் புயற்காற்று நம் மேற்குக் கரையைத் தாக்குவதுண்டு. அது பெரும்பாலும் பின்னிரவிலோ விடியற்காலையிலோ வரும். ஓரிரு மணி நேரத்தில் ஓயும். சிறு படகைக் கவிழ்க்க அந்நேரம் போதுமானது. மேற்கே கரிய மேகம் வில்போல் வளைந்து எழக் கண்டால் புறப்படாதீர்கள். புறப்படாமல் இருப்பதும் ஒரு திறமையே.

மற்றொன்று, ஒரு துண்டுத்தாள். படகில் செல்வோரின் பெயர்கள், செல்லும் இடம், திரும்பும் நேரம், எந்நேரம் வரை வராவிடில் உதவி கோர வேண்டும் என்பவற்றை எழுதிக் கரையில் உள்ள ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். என் முதற்பயணத்தில் இத்தாள் இருந்திருந்தால், எங்களைத் தேடி ஒரு படகு முன்னரே வந்திருக்கும்.

பெரும் பயணங்கள்

இவ்வொழுங்கு சிறு படகுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் வல்வெட்டித்துறையில் தமிழ்த் தச்சர் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் அதனைச் சூயஸ் கால்வாய், அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகச் செலுத்தி, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் குளௌசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர்.

நம் மலேசியர் அஸார் மன்சோர் 1999-இல் ‘ஜாலூர் கெமிலாங்’ என்னும் பாய்ப்படகில் தனியொருவராக உலகைச் சுற்றி வந்தார். பிப்ரவரியில் லங்காவியை விட்டுப் புறப்பட்ட அவர், ஆகஸ்டில் திரும்பினார். வழியில் பாய்மரம் முறிந்தது. சீர்செய்துகொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

அண்மையில், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி என்னும் கடற்படை அதிகாரி, கேரளத்தைச் சேர்ந்த தில்னாவுடன் ‘தாரிணி’ என்னும் பாய்ப்படகில் உலகைச் சுற்றினார். 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்ட இருவரும் 2025 மே 29-ஆம் நாள் திரும்பினர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபாக்லாந்துத் தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு இடங்களில் மட்டுமே அவர்கள் கரை தொட்டனர். நியூசிலாந்துக்கும் ஃபாக்லாந்துக்கும் இடையே ஒரு மாதத்துக்கும் மேலாக நிலத்தில் கால் வைக்கவில்லை. அத்தனை நாளும், கரையில் நினைத்து ஏற்றிய பொருள்களும் கற்றறிந்த திறனுமே அவ்விரு பெண்மணிகளுக்குத் துணை நின்றன.

முடிவாக

மாணவர்களே, விடுமுறை தொடங்கும் முன் ஒரு தாளை எடுத்து மூன்று கட்டங்கள் வரையுங்கள். உயிர், உடல், வசதி என்று தலைப்பிட்டுப் பட்டியல் எழுதுங்கள். பெற்றோருடன் அமர்ந்து சரிபாருங்கள். படகுத்துறையில் மிதவைச் சட்டைகளை நீங்களே எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும், “ஐயா, இன்னும் ஒன்று வேண்டும்” என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அன்று நான் கேட்கவில்லை. அதனால்தான் ஒரு சிறுமி சட்டையின்றி இருந்தாள்.

அச்சிறுமி இன்று இரு குழந்தைகளுக்குத் தாய். சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் என்னைக் கண்டபோது, தன் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். “எங்கே போனாலும் முதலில் இதைத்தான் எடுத்து வைக்கிறேன், சார்” என்றாள். நான் கற்ற பாடத்தை அவளும் கற்றிருந்தாள். நீங்கள் அதனை அத்துணைத் துன்பமின்றிக் கற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.